பழைய ஃப்ரீசருக்கு ஃபோம் அடிக்கலாமா?

கேள்வி: "நாங்கள் மகளிர் குழுவாகச் சேர்ந்து, சுத்தம் செய்த மீன், இறாலைக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களுக்குக் கொடுத்து வருகிறோம். குழுப் பணத்தில் பழைய டீப் ஃப்ரீசர் ஒன்று வாங்கினோம். மோட்டார் நிற்காமல் ஓடுகிறது. வெளிப்பக்கம் வியர்க்கிறது. கரண்ட் பில் எகிறுகிறது. வெளியே இரண்டு அங்குலம் ஸ்பிரே ஃபோம் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். செய்யலாமா? அல்லது பின்னறையையே குளிர் அறையாக்கிவிடலாமா?"

- வாசகி, குயிலாப்பாளையம்.

பதில்: ஃப்ரீசர் மேல் ஃபோம் அடிக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் வேலையை நிறுத்துங்கள்.

ஃப்ரீசர் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். பல டீப் ஃப்ரீசர்களில் சூட்டை வெளியேற்றும் குழாய், வெளித்தகட்டின் உள்பக்கம் ஒட்டியே ஓடும். அதன்மேல் ஃபோம் அடிப்பது, வெயிலில் வேலை செய்தவருக்குக் கம்பளி போர்த்துவது மாதிரி. சூடு போக வழியில்லாமல் கம்ப்ரசர் திணறி, ஒருநாள் கருகிவிடும். மோட்டார் ஓடும்போது பக்கத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் குழாய் அங்கேதான் இருக்கிறது.

வியர்க்கிற இடம் எது என்றும் பாருங்கள். மூடியைச் சுற்றி மட்டும் என்றால் பெரும்பாலும் ரப்பர் கேஸ்கட்தான் காரணம். ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எளிதாக வந்தால் கேஸ்கட்டை மாற்றுங்கள், செலவு குறைவு. தகட்டின் நடுவில் திட்டுத்திட்டாகச் சில்லென்று இருந்தால், உள்ளிருக்கும் ஃபோம் ஈரம் குடித்துவிட்டது. உப்பளக் காற்றில் தகடு அரித்து, அந்த ஓட்டை வழியே ஈரம் இறங்கியிருக்கும். நனைந்த ஃபோம் குளிரைத் தாங்காது. மேலே புதிதாக அடித்தாலும் உள்ளே உள்ளது காயாது. அந்தப் பெட்டிக்கு மேலும் பணம் போடாதீர்கள்.

"ஓட்டை போட்டு உள்ளே ஃபோம் செலுத்தலாம்" என்றும் சொல்வார்கள். கேட்காதீர்கள். துளை குழாயில் பட்டால் கேஸ் போய்விடும். சில பெட்டிகளில் இருப்பது ஆர்-600ஏ. அது தீப்பிடிக்கும் கேஸ்.

பின்னறை யோசனை நல்லது. ஸ்பிரே ஃபோமுக்கு ஏற்ற இடம் சுவரும் கூரையும்தான். மேடுபள்ளச் சுவரிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். நான்கு அங்குல ஃபோம் தருகிற தடுப்புக்கு, தெர்மாகோல் ஏறக்குறைய ஆறு அங்குலம் வேண்டும். 0 முதல் 4 டிகிரி வரை வைக்க நான்கு அங்குலம் போதும். மைனஸ் 18 வேண்டுமென்றால் ஆறு. 'க்ளோஸ்டு செல்' ஃபோம் என்று கேட்டு வாங்குங்கள். மற்ற வகை கடற்காற்றில் ஈரம் குடிக்கும். தரையை விட்டுவிடாதீர்கள், அதற்கு மட்டும் கெட்டியான ஃபோம் பலகை போட்டு, மேலே கான்கிரீட் போடவேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டப்பா ஃபோம், குழாய் நுழையும் ஓட்டையை அடைக்க மட்டுமே.

ஒரே மூச்சில் நான்கு அங்குலம் அடிக்க விடாதீர்கள். ஃபோம் இறுகும்போது சூடேறும். அதிகமானால் நடுவில் கருகும், தீயும் பிடிக்கலாம். படலம் படலமாக, ஆறவிட்டு அடிக்கவேண்டும். அடிக்கும்போது வரும் ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை வரவழைக்கும். முகத்தில் துணி கட்டினால் போதாது. மீன், பாத்திரம் எல்லாவற்றையும் முன்பே வெளியேற்றி, ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவேண்டாம். ஃபோமை வெறுமனே விடவும் கூடாது. எலி கடிக்கும், துகள் மீனில் விழும், தீ சட்டென்று பரவும். அலுமினியம் அல்லது ஸ்டீல் தகடு போட்டு மூடுங்கள். ஃபோமுக்குள் பழைய வயர் எதுவும் புதைந்திருக்கக்கூடாது.

அறை தயாராகும்வரை, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போட்டு, வடிகால் உள்ள ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.