பதினேழு வயதில் மூடப்பட்ட கதவு

2022-ஆம் ஆண்டு கோடையில் ஐஸ் ஹாக்கி உலகிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. ரஷியாவைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் மிகைல் செர்கச்சேவ், அமெரிக்காவின் டம்பா பே அணியுடன் எட்டு ஆண்டுகளுக்கு 6.8 கோடி டாலர் ஊதியத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார் என்பது ஒன்று. கனடாவின் இளையோர் லீக் அணிகள் வெளிநாட்டு வீரர்களைத் தெரிவு செய்யும் ஆண்டுத் தேர்வில் ரஷிய, பெலாரஸ் இளைஞர்களுக்கு இடமில்லை என்பது மற்றொன்று. முதல் செய்தியின் நாயகர், ஏழு ஆண்டுகளுக்கு முன்பு அதே தேர்வின் வழியாகத்தான் கனடாவுக்குள் நுழைந்தவர்.

பொருளியலை நெடுங்காலம் வகுப்பறையில் கற்பித்த எனக்கு, இந்த இரு செய்திகளும் அருகருகே நின்றது வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. 1993-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற டக்ளஸ் நார்த், ஒரு சமூகத்தின் வளர்ச்சியை அதன் வளங்களைவிட அதன் விதிமுறைகளே தீர்மானிக்கின்றன என்று வாதிட்டவர். தனிமனிதனின் வளர்ச்சிக்கும் அது பொருந்தும் என்பதற்குச் செர்கச்சேவின் தொடக்க ஆண்டுகள் நல்ல சான்று.

ரஷியாவின் தத்தர்ஸ்தான் பகுதியில் உள்ள பெட்ரோலிய ரசாயனத் தொழில் நகரம் நிஷ்னெகாம்ஸ்க். அங்கே 1998-இல் பிறந்த செர்கச்சேவ், கசான் நகரின் இளையோர் அணியில் ஆடியபின், 2015-இல் ஒன்டாரியோ மாகாணத்தின் விண்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் அணியால் தெரிவு செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 17. அன்று கனடா இளையோர் லீகுகளில் ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டவர் மட்டுமே ஆட முடிந்தது. அப்போது மொத்தம் 60 அணிகள் இருந்தன. ஆக, உலகம் முழுவதற்கும் சுமார் 120 இடங்கள். அவற்றில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. முதல் பருவத்திலேயே 67 ஆட்டங்களில் 17 கோல்கள் அடித்து, 40 கோல்களுக்குத் துணைநின்று, லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றார். 2016-இல் என்.எச்.எல். தொழில்முறை லீகின் வீரர் தேர்வில், மாண்ட்ரியல் அணி அவரை ஒன்பதாவது இடத்தில் எடுத்தது.

அதன்பின் அவரது பாதையை வகுத்ததில் திறமைக்கு இணையான பங்கு விதிகளுக்கும் உண்டு. கனடா இளையோர் லீகிலிருந்து எடுக்கப்பட்டவர், 20 வயதுக்கு முன் ஒன்று என்.எச்.எல். அணியில் ஆட வேண்டும். இல்லையேல் இளையோர் லீகுக்கே திரும்ப வேண்டும். இடைநிலை லீகில் பயிற்சி பெற அன்றைய விதியில் வழியில்லை. பத்தாவது ஆட்டத்தில் இறங்கிவிட்டால் அவரது முதல் ஒப்பந்தத்தில் ஓராண்டு கழிந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே இளைஞர்களைத் திருப்பி அனுப்புவது அணிகளின் வழக்கம். மாண்ட்ரியலுக்காக நான்கு ஆட்டங்களே ஆடிய செர்கச்சேவ், மீண்டும் விண்ட்சர் சென்றார். 2017 மே மாதத்தில் அந்த அணி மெமோரியல் கோப்பையை வென்றது.

அடுத்த மாதமே மாண்ட்ரியல் அவரை டம்பா பே அணிக்குக் கொடுத்து, ஜோனத்தான் துருவேன் என்ற முன்கள வீரரைப் பெற்றுக்கொண்டது. பேரத்தில் ஒரு நிபந்தனை: அடுத்த பருவத்தில் செர்கச்சேவ் 40 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால், மாண்ட்ரியல் தன் இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமையை டம்பாவுக்குத் தர வேண்டும். பத்தொன்பது வயதைக்கூட எட்டாத ஒருவரின் எதிர்காலத்துக்குக் காப்பீடு எழுதப்பட்டது என்றே இதைச் சொல்லலாம். அவரோ 79 ஆட்டங்கள் ஆடி 40 புள்ளிகள் சேர்த்தார். 2020, 2021 ஆண்டுகளில் டம்பா ஸ்டான்லி கோப்பையை வென்றபோது இரு முறையும் அந்த அணியில் இருந்தார்.

இந்தக் கதையில் 2015-இன் கதவு மட்டும் திறக்காமல் இருந்திருந்தால்? அவர் ரஷியாவிலேயே சிறந்த வீரராகியிருக்கக்கூடும். ஆனால், எங்கே ஆடுவது என்ற தெரிவு அவர் கையில் இருந்திராது. சோவியத் காலத்தில் நடந்தது அதுதான். தடுப்பாட்ட மேதை வியாசஸ்லாவ் ஃபெத்திசோவை நியூ ஜெர்சி அணி 1983-இலேயே தெரிவு செய்தது. அவர் அங்கே போய்ச் சேர முடிந்ததோ 1989-இல், தமது 31-ஆவது வயதில். அன்று கதவை மூடியது மாஸ்கோ. 2022-இல் அதே கதவு மறுபக்கத்திலிருந்து மூடப்பட்டது.

உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்காமல் இதைப் பேச முடியாது. அந்நாட்டுச் சிறுவர்கள் இழந்ததன் முன், ஒரு லீகில் இடம் இழப்பது சிறிய இழப்பே. ரஷிய அரசு விளையாட்டு வெற்றியைத் தன் பெருமைக்குப் பயன்படுத்துவதும் உண்மை. ஆகவே, சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு 2022 பிப்ரவரியில் ரஷிய தேசிய அணிகளைத் தடை செய்ததை நான் நியாயமென்றே கருதுகிறேன். தேசிய அணி கொடியைச் சுமக்கிறது. தனி வீரர் சுமப்பது தம் தொழிலை மட்டுமே.

ஆனால், ஒரு தடையை அதன் நோக்கத்தால் மட்டும் மதிப்பிட முடியாது. அதன் சுமை யார் மீது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். என்.எச்.எல். அணிகளில் கோடிகள் ஈட்டும் ரஷிய வீரர்கள் தொடர்ந்து ஆடினார்கள், அதில் பிழையில்லை. வாக்களிக்கும் வயதைக்கூட எட்டாத பதினேழு வயதினருக்குத்தான் வாசல் அடைக்கப்பட்டது. பேரம் பேசும் வலிமை இல்லாதவர் மீதே சுமை இறங்கியது. விளைவும் நோக்கத்துக்கு எதிரானது. வெளியே செல்ல முடியாத இளைஞர் தம் நாட்டு லீகிலேயே தங்குகிறார். அங்கே பீட்டர்ஸ்பர்க் அணியின் பின்னால் காஸ்ப்ரோம், மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அணியின் பின்னால் ரோஸ்நெஃப்ட் என அரசு நிறுவனங்களே நிற்கின்றன. எந்த அரசை வலுவிழக்கச் செய்ய விரும்பினோமோ, அதன் பிடியிலேயே இளைஞரை விட்டுவந்தோம்.

பொருளாதாரத் தடைகள் இனியும் வரும். போர்கள் உள்ளவரை அவை தவிர்க்க முடியாதவை. அவற்றை வகுப்போர், அதிகாரத்தில் இருப்பவரையும் அதிகாரத்தின் நிழலில் பிறக்க நேர்ந்தவரையும் பிரித்தறிய வேண்டும். தடுப்பாட்டக்காரர் முதிர நாளாகும் என்பார்கள். விதியைத் திருத்த நாம் எடுத்துக்கொள்ளும் காலத்தில், ஓர் இளைஞரின் பதினேழாவது வயது மட்டும் காத்திருப்பதில்லை.