உழைப்பும் கணக்கும்: கொப்பியில் இல்லாத ஒரு சம்பளம்



பழுகாமத்தில் ஒரு அக்கா தன் வீட்டு விறாந்தையிலும் முன் அறையிலுமாக பிள்ளைப் பராமரிப்பு நிலையம் நடத்துகிறார். கணவரை யுத்தத்தில் இழந்தவர். 2007இல் படுவான்கரைச் சனங்கள் இடம்பெயர்ந்தபோது கைக்குழந்தையோடு முகாமில் இருந்தவர். வயலுக்கும் கடைக்கும் தையலுக்கும் போகும் தாய்மார் காலை 7 மணிக்குப் பிள்ளைகளை இவரிடம் விட்டுவிட்டுப் பின்னேரம் 5 மணிக்குக் கூட்டிச் செல்கிறார்கள். மொத்தம் 14 பிள்ளைகள். உதவிக்கு ஓர் இளம் தாய் வேலை செய்கிறார்.

போன மாதம் அவரைச் சந்தித்தபோது முகம் வாடியிருந்தது. "தங்கச்சி, புள்ளையளும் கூடித்து, காசும் வருகுது. ஆனா கையில ஒண்டும் நிக்குதில்ல. அந்தப் புள்ளைக்குச் சம்பளம் குடுக்கத் தோட்டை அடகு வைச்சிட்டன்" என்றார். உதவியாளரோ வெளிநாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுக்கும் யோசனையில் இருந்தார். அவர் போனால் நிலையத்தை மூட வேண்டியதுதான். மூடினால் பதினான்கு பிள்ளைகளின் தாய்மாரும் நாளைக்கு வேலைக்குப் போவது எப்படி?

இருவரும் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தோம்.

ஒரு பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபாய். 14 பிள்ளைகளுக்கு 70,000. மதியச் சோறும் தேநீரும் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். 22 நாட்களுக்கு 30,800. மின்சாரம், தண்ணீர், எரிவாயு, சவர்க்காரம் எல்லாம் 6,000. உதவியாளருக்கு 18,000. மொத்தச் செலவு 54,800. மீதி 15,200.

"இதுதான் எனக்கு லாபம்" என்றார் அக்கா. ஆனால் மூன்று தாய்மார் அந்த மாதக் கட்டணத்தைக் கட்டவில்லை. அது 15,000. ஆகவே கையில் இருந்தது 200 ரூபாய்!

"அக்கா, உங்கட சம்பளம் எங்க?" என்று கேட்டேன். "எனக்கென்ன சம்பளம்? நான் வீட்டிலதானே இருக்கன்" என்றார்.

சகோதரிகளே, இந்தப் பதிலை நாம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்! அவர் நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 220 மணித்தியாலம் உழைக்கிறார். எல்லாத் தாய்மாரும் ஒழுங்காகப் பணம் கட்டினாலும் மணித்தியாலத்துக்கு 69 ரூபாய்தான் கிடைக்கும். அது லாபம் அல்ல. அவருடைய கூலியே அதில் அரைகுறையாகத்தான் வருகிறது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரிக்கு வாழ்வாதாரத் திட்டம் எழுதிக் கொடுத்தபோது, அரிசிக்கும் பாய்க்கும் கணக்கு வைத்தேன். நடத்துபவரின் சம்பளத்தை எழுதவில்லை. தாளில் லாபம் வந்தது. அந்தச் சகோதரி ஒரு வருடத்தில் களைத்து நிறுத்திவிட்டார்.

அடுத்தது உதவியாளரின் சம்பளம். 2026 ஜனவரி முதல் இலங்கையில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அத்துடன் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தன் பணத்தில் கட்ட வேண்டும். அதாவது 3,600, 900. ஊழியரின் சம்பளத்திலிருந்து சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,400 ரூபாய், கழித்துக் கட்ட வேண்டும். ஊழியர் கையில் வாங்குவது 27,600; நிலையத்துக்கு அவரால் வரும் செலவு 34,500. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் இது பொருந்தும். எனவே "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "ஓர் ஆளை வைத்திருக்க முழுச் செலவு எவ்வளவு?" என்று கேட்டுப் பழகுவோம்.

இந்தச் செலவைப் போட்டால் அக்காவின் மொத்தச் செலவு 71,300. மாதம் 1,300 ரூபாய் நட்டம். இதுவரை அந்த நிலையம் ஓடியது இரண்டு பெண்களின் குறைந்த கூலியில்தான் என்பது அப்போது விளங்கியது. யுத்தம் முடிந்தும் எமது உழைப்பு மலிவாகவே இருக்க வேண்டுமா?

இனி என்ன செய்யலாம்? செலவில் இரண்டு வகை உண்டு. சாப்பாட்டுச் செலவு பிள்ளைகளின் எண்ணிக்கையோடு கூடிக் குறையும். சம்பளமோ பத்துப் பிள்ளைகள் வந்தாலும் பதினாறு வந்தாலும் ஒன்றுதான். சம்பளத்தில் கைவைக்காமல் சாப்பாட்டிலிருந்து தொடங்கினோம்.

தாய்மாரைக் கூட்டிக் கொப்பியை அவர்கள் முன்னால் விரித்தோம். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கச் சம்மதித்தார்கள். நிலையத்தில் தேநீரும் கடலையும் மட்டும். நாளுக்கு 30 ரூபாய், மாதம் 660. கட்டணத்தை 5,500 ஆக்குவதில் இரண்டு பேர் தயங்கினார்கள். அவர்கள் அறுவடைக் கூலியை நம்பியிருப்பவர்கள். கூலி கிடைத்ததும் சேர்த்துக் கட்டலாம் என்று தவணை எழுதிக் கொண்டோம்.

இப்போது ஒரு பிள்ளையால் 4,840 மிஞ்சும். 14 பிள்ளைகளுக்கு 67,760. முழுச் சட்டச் சம்பளமும் ஏனைய செலவும் சேர்ந்து 40,500. அதைக் கழித்தால் அக்காவுக்கு 27,260. இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் 36,940. அதில் 30,000 அவருடைய சம்பளம். மேலதிகமான 6,940தான் லாபம். அதையும் செலவழிக்கக் கூடாது. வேலையில்லாத மாதத்தில் பிள்ளைகள் 12 ஆகக் குறைந்தால் மிஞ்சுவது 17,580தான். அந்த மாதத்துக்கு இந்தச் சேமிப்புத் தேவை.

மூன்றாவது ஆளை எப்போது எடுக்கலாம்? ஒருவருக்கு 34,500 தேவை. புதிதாக எட்டுப் பிள்ளைகளாவது சேராவிட்டால் அவருடைய செலவு வராது. அதற்காக இரண்டு பேர் தலையில் எல்லாப் பிள்ளைகளையும் சுமத்தவும் கூடாது. கிணறும் வாவியும் உள்ள ஊரில் ஒரு நிமிடம் கண் தவறினாலும் ஆபத்து. பார்க்க முடிந்த எண்ணிக்கையோடு நிறுத்துவதும் கணக்குத்தான்.

இரு பெண்கள் பங்காளிகளாகச் சேர்ந்து நடத்துவது இன்னொரு வழி. இதே 14 பிள்ளைகளோடு, ஏனைய செலவு போக வரும் 61,760ஐப் பிரித்தால் ஆளுக்கு 30,880. ஆனால் அது உண்மையான பங்காக இருக்க வேண்டும். எழுத்தில் உடன்படிக்கை வேண்டும். சேமலாப நிதி கட்டாமலிருக்க வேலையாளைப் 'பங்காளி' என்று சொல்வது ஏமாற்று.

இந்தியாவின் அகமதாபாத்தில், இலா பட் 1972இல் தொடங்கிய சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தில், பராமரிப்பாளர்கள் 1986இல் 'சங்கினி' என்ற கூட்டுறவை அமைத்தார்கள். பிள்ளை பார்க்கும் பெண்களே அதன் உரிமையாளர்கள். தாய்மாரின் கட்டணத்தால் மட்டும் அங்கும் முழுச் செலவும் ஈடாகவில்லை. வெளி உதவியும் சேர்ந்தே நடத்தினார்கள். ஏழைத் தாயின் பிள்ளையைப் பார்ப்பது ஊர் முழுவதற்குமான பொறுப்பு. ஆகவே மாதர் சங்கங்களும் பிரதேச செயலகமும் கைகொடுக்க வேண்டும் என்று நாம் கேட்பது பிச்சை அல்ல.

அக்கா புதிய கொப்பி வாங்கிவிட்டார். முதற் பக்கத்தில் 'என் சம்பளம்' என்று எழுதியிருக்கிறார். உதவியாளர் மூன்று மாதம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

சகோதரிகளே, கடையோ தையலோ இடியப்பமோ, உங்கள் தொழில் எதுவானாலும் இன்றிரவு கொப்பியைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயருக்கு நேரே ஒரு தொகை இருக்கிறதா? இல்லையென்றால் அதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.