ஹேர்கட்டுக்கு வரி குறைஞ்சாச்சு... கத்தரிக்கோலுக்கு? ஸ்டைலிஸ்ட்கள் எதைப் பார்த்து வாங்கணும்?

சலூன், பியூட்டி பார்லர் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 500 ரூபாய் ஹேர்கட்டுக்கு முன்பு 590 ரூபாய் பில் வந்தது. அதே கட்டணம் என்றால் இப்போது 525. வாடிக்கையாளருக்கு நல்ல செய்திதான். ஆனால், நாற்காலிக்குப் பின்னால் கத்தரியோடு நிற்பவரின் கணக்கு வேறு.

இந்த 5 சதவீதத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது: உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. அதாவது, சலூன் தான் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியை, அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியில் இனி கழித்துக்கொள்ள முடியாது. கத்தரிக்கோலுக்கு வரி 18 சதவீதம். 20,000 ரூபாய் கத்தரி என்றால் வரி மட்டுமே 3,600. ஜி.எஸ்.டி பதிவு பெற்ற சலூன்கள் முன்பு இதைக் கழித்துக்கொண்டன. இப்போது முழுக்கச் செலவு. சொந்தக் காசில் கத்தரி வாங்கும் ஸ்டைலிஸ்ட்களுக்கும், பதிவு வரம்புக்குள் வராத தெருமுனை சலூன்களுக்கும் இந்தச் சலுகை எப்போதுமே இருந்ததில்லை.

ஆக, தப்பான கத்தரியை வாங்கினால் அந்த நஷ்டத்தை யாரும் பகிர்ந்துகொள்ளப் போவதில்லை. சிக்கல் என்னன்னா, இந்தச் சந்தையில் விலையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, அரை லட்சத்துக்கும் கிடைக்கிறது. இரண்டிலும் ‘ஜப்பான் ஸ்டீல்’ என்று எழுதியிருக்கலாம்.

‘ஜப்பான் ஸ்டீல்’ பொய்யா?

பொய் இல்லை. அதுதான் பிரச்சினையே. 420ஜே2 என்று ஓர் எஃகு இருக்கிறது. பெயர் ஜப்பானியத் தர அட்டவணையில் இருந்து வந்தது. அதில் கார்பன் 0.26 முதல் 0.40 சதவீதம்தான். தொழில்முறைக் கத்தரிகளில் பரவலாகப் பயன்படும் 440சி எஃகில் கார்பன் 0.95 முதல் 1.20 சதவீதம். கார்பன் கூடினால் எஃகைக் கூடுதலாகக் கடினப்படுத்தலாம். கூர்மை அதிக நாள் நிற்கும். எனவே மலிவான 420ஜே2 கத்தரியை ‘ஜப்பான் ஸ்டீல்’ என்று சொல்லி விற்றாலும் விற்பவரைக் குறை சொல்ல முடியாது.

வெறும் ‘440’ என்று பொறித்திருந்தால், ஏ-வா சி-யா என்று கேட்க வேண்டும். 440ஏ-யில் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம்தான். இதற்கு மேல், கோபால்ட் கலந்த விஜி-10 போன்ற எஃகுகள் வருகின்றன. கேட்க வேண்டிய இன்னொரு எண், ராக்வெல் கடினத்தன்மை. நல்ல கத்தரிகள் பெரும்பாலும் 58 முதல் 62-க்குள் இருக்கும். அதற்காக இன்னும் கடினமாக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். கீழே விழுந்தால் முனை உடையும் ஆபத்தும் கூடவே ஏறும். டமாஸ்கஸ் என்ற பெயரில் வரும் அலைக்கோடுகள் அழகுக்குத்தான். முடிக்கு அது தெரியாது.

ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் இந்தக் குழப்பத்தைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. அங்கே தயாராகாத கத்திக்கும் கத்தரிக்கும் அந்த ஊர்ப் பெயரைப் போடக் கூடாது என்று 1938-லேயே சட்டம் வந்துவிட்டது. நம்மூர் மீரட் கத்தரிக்கோலுக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால், அதன் புகழ் துணி வெட்டும் தையல் கத்தரிகளுக்கு. உலகச் சலூன்களுக்குக் குறைந்த விலைக் கத்தரிகளை அனுப்பும் பாகிஸ்தானின் சியால்கோட்டில் இருந்து, 2025 மே மாத இறக்குமதித் தடைக்குப் பிறகு, வேறு நாடு வழியாகக்கூட சரக்கு இந்தியாவுக்குள் வர அனுமதி இல்லை. ஆன்லைன் தளங்கள் ‘தயாரிப்பு நாடு’ எது என்று காட்டுவது கட்டாயம். எஃகின் நாடு வேறு, தயாரிப்பு நாடு வேறு. அந்த ஒரு வரியைப் பார்க்காமல் ஆர்டர் போடக் கூடாது.

சாணைக்காரரை முதலில் தேடுங்கள்

எஃகைவிட முக்கியமானது விளிம்பு. பெவல் விளிம்பு என்பது கோணமாகச் சீவப்பட்டது. பல கத்தரிகளில் ஒரு பிளேடில் கண்ணுக்கு லேசாகத் தெரியும் நுண்பற்களும் இருக்கும். முடி நழுவாது, நேர்க்கோட்டு வெட்டுக்கு வசதி, கொஞ்சம் முரட்டுத்தனத்தையும் தாங்கும். கான்வெக்ஸ் விளிம்பின் வெளிப்புறம் மெல்ல வளைந்து, உட்புறம் குழிவாக இருக்கும். வெண்ணெய் மாதிரி வெட்டும். முடியின் மேல் வழுக்கிக்கொண்டே போகும் ‘ஸ்லைட் கட்டிங்’ செய்ய இதுதான் வேண்டும்.

இங்கேதான் பலர் காசை இழக்கிறார்கள். சாதாரண சாணைக்கல்லில் கான்வெக்ஸ் கத்தரியைக் கொடுத்தால், அந்த வளைவு ஒரே நிமிடத்தில் தட்டையாகிவிடும். வெட்டும், ஆனால் அது பழைய கத்தரி இல்லை. உட்குழிவையும் தேய்த்துவிட்டால் திரும்பச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம். 20,000 ரூபாய்ப் பொருள் 50 ரூபாய்ச் சாணையில் முடிந்துபோகும் கதை இது.

அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. “இதை யாருங்க சாணை பிடிப்பாங்க? எத்தனை நாள் ஆகும்? அதுவரைக்கும் நான் எதை வச்சு வேலை செய்யுறது?” தெளிவான பதில் இல்லையென்றால், அந்த ஊரில் இருப்பவருக்கு நல்ல பெவல் கத்தரியே புத்திசாலித்தனம்.

பதில் இருந்தால் கணக்கு மாறும். ஒருவர் நாளைக்கு 10 பேர் வீதம், மாதம் 25 நாள் வெட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,000 ஹேர்கட். 20,000 ரூபாய்க் கத்தரி 5 ஆண்டு உழைத்தால், சாணைச் செலவு நீங்கலாக, ஒரு தலைக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. ஆனால் ஒருமுறை டைல்ஸ் தரையில் விழுந்தால் இந்தக் கணக்கும் சேர்ந்தே விழும். பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கு விலை உயர்ந்த கத்தரி வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

கைக்குப் பொருந்துதா?

நாள் முழுக்க வெட்டும் கைக்கு, கட்டைவிரலும் மணிக்கட்டும்தான் முதல் பலி. இரண்டு விரல் வளையங்களும் நேருக்கு நேர் இருக்கும் பழைய வடிவத்தில் கட்டைவிரல் அதிகம் நீள வேண்டும். ‘ஆஃப்செட்’ வடிவத்தில் கட்டைவிரல் வளையம் முன்னே தள்ளியிருப்பதால் அந்த இழுப்பு குறையும். கட்டைவிரல் வளையமே சுழலும் ‘ஸ்விவல்’ வகையும் உண்டு. பழக நாளாகும் என்றாலும், ஏற்கெனவே வலி இருப்பவர்கள் கையில் எடுத்துப் பார்க்கலாம். நுணுக்க வேலைக்கு 5 முதல் 5.5 அங்குலம். சீப்பு வைத்து வெட்டும் ஆண்கள் சலூன் வேலைக்கு 6 முதல் 7 அங்குலம்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். ஒரு வளையத்தைப் பிடித்து, கத்தரியை முனை மேலே இருக்கும்படி நிறுத்தி, மற்ற பிளேடை முழுசாக விரித்து விட வேண்டும். பாதிக்கு மேல் மூடி, முனையில் கொஞ்சம் இடைவெளியோடு நின்றால் திருகு சரி. டப்பென்று முழுசாக மூடினால் லூஸ்; முடி வெட்டுப்படாமல் மடங்கும். அசையாமல் நின்றால் டைட். விரல் வலிக்கும், விளிம்பும் சீக்கிரம் தேயும். அடுத்து, ஈரமான டிஷ்யூ பேப்பரை வெட்டிப் பார்க்கலாம். கிழிக்காமல், முனை வரை சுத்தமாக வெட்ட வேண்டும்.

இடக்கைக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. கைப்பிடியை மட்டும் மாற்றிவிட்டு ‘லெஃப்டி’ என்று விற்பதுண்டு. உண்மையான இடக்கைக் கத்தரியில் பிளேடுகளே கண்ணாடிப் பிம்பம் போல மாறியிருக்கும். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால், கட்டைவிரலின் இயல்பான அழுத்தம் பிளேடுகளைச் சேர்ப்பதற்குப் பதிலாகப் பிரித்துவிடும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு வெட்டுக்கும் விரலை எதிர்ப்பக்கம் இழுத்தே பழகியவர்கள், வாங்கும்போது இரண்டு கத்தரிகளையும் பக்கத்தில் வைத்து எந்த பிளேடு மேலே வருகிறது என்று பார்த்தாலே போதும்.