பிரதர், சிலிண்டரைத் தள்ளுங்க

ஆண் நர்சை வார்டில் 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். அதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் பாரம் தூக்கும் வேலைதான். பிரதர், சிலிண்டரைத் தள்ளுங்க. பிரதர், பேஷண்ட்டைத் தூக்குங்க. சித்தப்பாவுக்குத் துணையாக ஒரு புற்றுநோய் வார்டில் மூன்று வாரம் கிடந்தபோது, பயிற்சிக்கு வந்த பையன்களை நோக்கி நான் கேட்டதெல்லாம் இதுதான். பக்கத்தில் உட்கார்வது, வாயைத் துடைத்துவிடுவது, பேசுவதெல்லாம் மாணவிகளுக்கு.

நாலு வருஷம் இப்படித் தூக்க வைத்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்வித்தாளை நீட்டி, 'ஆண் மாணவர்களுக்குப் பரிவு குறைவு' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு இது மோசடியாகத்தான் படுகிறது.

பல நாடுகளில் பயன்படும் ஜெபர்சன் பரிவு அளவுகோலில் 20 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மாணவனே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். 'பொம்பளப் புள்ள மாதிரி அழுவாத' என்று வளர்க்கப்பட்டவன் தன்னைப் பற்றி என்ன போடுவான்? 2001-இல் கிளைன், ஹாட்ஜஸ் என்ற இரு உளவியலாளர்கள், அடுத்தவர் மனதில் ஓடுவதை எவ்வளவு சரியாக ஊகிக்கிறோம் என்று சோதித்தார்கள். சரியாகச் சொன்னால் காசு என்றதும் ஆண் பெண் வித்தியாசம் காணாமல் போனது. காசுக்கா பரிவு என்று நானும் முகம் சுளித்தேன். ஆனால் விஷயம் காசு இல்லை. இது உன் வேலை என்று சொன்னால் ஆணும் செய்கிறான், நாம் சொல்வதில்லை.

சித்தப்பாவுக்கு நாக்கில் புற்று. அறுவைக்குப் பிறகு கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். பேச்சு இல்லை. 'உங்களுக்கு எப்படி இருக்கு?' என்று திறந்த கேள்வி கேட்கச் சொல்லும் வகுப்புப் பாடம் அவரிடம் செல்லாது. குழாயில் சளி அடைத்தால் சக்‌ஷன் வைத்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது மூச்சு முட்டும். 10, 15 வினாடிக்கு மேல் போகக்கூடாது. ஒருநாள் மூத்த சிஸ்டர் ஒருவர், சிலிண்டர் தள்ளிக்கொண்டிருந்த மூன்றாம் வருடப் பையனைக் கூப்பிட்டுக் கையில் டியூபைக் கொடுத்தார். "உள்ள விடும்போது உன் மூச்சையும் பிடிச்சுக்கோ தம்பி. உனக்கு எப்ப முடியலையோ, அவருக்கு அதுக்கு முன்னாடியே முடியல. வெளிய எடுத்துடு."

அவன் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் அவனாகவே ஒன்று சேர்த்துக்கொண்டான்: "அப்பா, தாங்கலன்னா என் கைய ரெண்டு தட்டு தட்டுங்க." நாலாம் நாள் சித்தப்பா ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார்: 'அந்தப் பையன் டூட்டி எப்போ?'

இதை எந்த ரோல் ப்ளேயும் சொல்லித் தராது. (எங்கள் ஆபீசிலும் 'எம்பதி மேப்' என்று சுவரில் மஞ்சள் காகிதம் ஒட்டுவோம். வாடிக்கையாளர் ஒருவரைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டோம்.)

மார்பகப் புற்றுநோய்ப் பெண், ஆண் மாணவன் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. அதில் பேச்சே இல்லை. ஆனால் சித்தப்பா இருந்தது ஆண்கள் வார்டு. வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றுமாகப் படுத்திருந்த அத்தனை பேரும் ஆண்கள். அங்கேயும் பையன்களை ஏன் கட்டிலிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும்? எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணியிடங்களில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 விழுக்காடு என்று ஒதுக்கீடே வைத்திருக்கிறார்கள். இந்த வேலை பெண்ணின் சுபாவம் என்ற நினைப்பு அதற்குள்ளும் இருக்கிறது. அது மாணவிகளுக்கும் அநியாயம்தான். அவர்கள் மூச்சைப் பிடித்துக் கற்றதை யாரும் படிப்பாகவே எண்ணுவதில்லை, பிறவியிலேயே வந்தது என்கிறார்கள். பையன் செய்தால் மட்டும் 'ஆம்பளையா இருந்தும் எவ்ளோ பொறுமை பாரு' என்று மெடல்.

எனக்கு அந்த மெடல் வேண்டாம். பையன்களின் டூட்டி சீட்டை முதல் வருடத்திலிருந்தே மாற்றிப் போடுங்கள். சிலிண்டரைத் தள்ள வார்டில் அட்டெண்டர் இருக்கிறார்.