டெங்குக்கு ஏரியில் மீன் விடலாமா? ஒரு தேரைக் கதையும் ஒரு மீன் கதையும்

மழை தொடங்கினா அண்ணனூர், திருமுல்லைவாயல், ஆவடி, அயப்பாக்கம் பக்கத்து குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரு கோரிக்கை சுத்த ஆரம்பிச்சிடும். "ஏரி, குளம் எல்லாத்துலயும் கம்பூசியா மீன் விடச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுப்போம். கொசு ஒழியும், டெங்கு போயிடும்."

கேக்க நல்லாத்தான் இருக்கு. மருந்து இல்லை, புகை இல்லை, செலவும் கம்மி. மீன் பாட்டுக்கு கொசுப்புழுவைத் தின்னும், நாம நிம்மதியா தூங்கலாம். ஆனா ஒரு டாக்டரா நான் இந்தக் கோரிக்கையை எதிர்க்கிறேன். காரணத்தை விளக்கமா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல ஒரு தேரைக் கதை. மீனுக்கும் தேரைக்கும் என்ன சம்பந்தம்னு போகப் போகத் தெரியும்.

1935. ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து மாகாணத்துல கரும்புத் தோட்டங்களை ஒரு வகை வண்டு அழிச்சிட்டு இருந்துச்சு. அதோட புழு மண்ணுக்குள்ள இருந்து கரும்பு வேரைத் தின்னும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பெரிய தேரை வண்டைத் தின்னும்னு சொல்லி, ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் கொண்டு வந்து, கார்டன்வேல்ங்கிற ஊர்ல இனப்பெருக்கம் பண்ண வச்சு, குட்டிகளை ஆயிரக்கணக்குல வயல்ல விட்டாங்க. அதனாலதான் அதுக்குக் கரும்புத் தேரைன்னே பேரு.

என்ன ஆச்சு தெரியுமா? வளர்ந்த வண்டு கரும்போட உச்சியில உக்காந்திருக்கும். புழு மண்ணுக்கு அடியில இருக்கும். தேரை தரையில தாவித் தாவிப் போகும். மூணும் சந்திக்கவே இல்லை! வண்டுக்கு ஒண்ணும் ஆகலை. தேரைதான் மத்த எல்லாத்தையும் தின்னு பெருகிடுச்சு.

வால்டர் ஃப்ராகட்னு ஒரு பூச்சியியல் அறிஞர் அப்பவே எச்சரிச்சார். மத்திய அரசு கொஞ்ச காலம் தடை கூட போட்டுச்சு. ஆனா கரும்புக்காரங்க தரப்பு ஜெயிச்சு, 1936-லயே தடையை எடுத்துட்டாங்க. இன்னைக்கு அங்க 20 கோடிக்கும் மேல கரும்புத் தேரை இருக்கும்னு மதிப்பிடறாங்க.

இந்தத் தேரையோட காதுக்குப் பின்னாடி விஷச் சுரப்பி இருக்கு. நம்ம ஊர் டாக்டர்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, அரளி விஷம் எந்த வகையோ அதே வகை. இதயத் துடிப்பைக் குழப்பி விட்டுடும். அந்த நாட்டு உடும்பு, பாம்பு, குவால்ங்கிற பூனை மாதிரியான பிராணி எதுக்குமே இந்த விஷம் பழக்கமில்லை. ஒரு தேரையைக் கவ்வினாலே முடிஞ்சுது கதை.

90 வருஷமா அதைக் கட்டுப்படுத்தப் பாக்கிறாங்க. கையால பொறுக்கிப் பாத்தாங்க, வேலி கட்டிப் பாத்தாங்க. தேரையோட விஷத்தையே தூண்டிலா வச்சு தலைப்பிரட்டைகளைப் பொறியில பிடிக்கிற முறை ஓரளவு கை கொடுக்குது. (இந்தத் தலைப்பிரட்டைகள் தன் இனத்தோட முட்டையையே தேடித் தேடித் தின்னும், அதனால அந்த வாசனைக்கு ஓடி வரும்.) இன்னொரு முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது. குமட்டல் வரவழைக்கிற மருந்து சேர்த்த தேரைக் கறித் துண்டை குவாலுக்குத் தின்னக் கொடுக்கிறாங்க. ஒரு தடவை வாந்தி எடுத்துட்டா அப்புறம் அது ஜென்மத்துக்கும் தேரை பக்கம் போகாது. நம்ம ஊர்ல புரோட்டா ஒத்துக்காம ராத்திரி முழுக்க அவதிப்பட்டவர் அந்தக் கடைப் பக்கமே போகாத மாதிரிதான்.

இவ்வளவு பண்ணியும் தேரையோட மேற்கு எல்லை முன்னேறிட்டேதான் இருக்கு. எல்லையின் முன்னணியில இருக்கிற தேரைகளுக்கு கால் நீளமா இருக்குன்னு 2006-ல கண்டுபிடிச்சாங்க. வேகமா ஓடறதுதானே முன்னாடி போகும், அதுங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து இன்னும் வேகமான குட்டி போடுது!

நம்ம ஊர்த் தேரையும் ஒண்ணும் சாது இல்லை. மழை விட்டதும் தெரு விளக்குக்குக் கீழ உக்காந்து பூச்சி பிடிக்குமே, அதே தேரைதான். அது கப்பல் ஏறி மடகாஸ்கருக்குப் போய், டுவாமசினா துறைமுகத்தைச் சுத்தி பெருகிடுச்சுன்னு 2014-ல தெரிய வந்துச்சு. இங்க அதைத் தின்னப் பழகின பாம்பு இருக்கு, அங்க இல்லை. பிராணி அதேதான், ஊர்தான் வேற.

இப்போ மீனுக்கு வருவோம்.

கம்பூசியா அமெரிக்காவோட தென்பகுதி, மெக்ஸிகோ பக்கத்து மீன். நம்ம சுண்டுவிரல் அளவு கூட வராது. முட்டையிடாது, நேரா குட்டி போடும், அதுவும் மாசத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து பத்தா. அழுக்குத் தண்ணி, சூடான தண்ணி, ஆக்ஸிஜன் குறைஞ்ச தண்ணி எதுலயும் தாக்குப் பிடிக்கும். மலேரியாவை ஒழிக்கிறதுக்காக 20-ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல உலகம் பூரா இதைக் கொண்டு போனாங்க. 1905-ல ஹவாய், 1920-கள்ல ஐரோப்பா. 1928-ல இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்துச்சு. கரும்புத் தேரை கதை மாதிரியே இருக்கா? ஒரு வித்தியாசம்தான். இங்க கேட்டு வாங்கினது கரும்பு முதலாளிங்க இல்லை, எங்க துறை. பொது சுகாதாரம்.

அந்தக் காலத்துல அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். டிடிடி வராத காலம், மலேரியா கொத்துக் கொத்தா கொன்ன காலம். கையில கிடைச்சதைப் பிடிச்சாங்க. ஆனா நமக்கு இன்னைக்குத் தெரிஞ்சிருக்கிறது அதிகம்.

உலகத்துல மோசமா ஊடுருவின 100 உயிரினங்கள்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒரு பட்டியல் போட்டுச்சு. அதுல கரும்புத் தேரையும் இருக்கு, கம்பூசியாவும் இருக்கு. 1982-லயே உலக சுகாதார நிறுவனம் இனி இந்த மீனைப் பரிந்துரைக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு. நம்ம தரமணியில அலுவலகம் வச்சிருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையமும் இதை அயல் ஊடுருவல் உயிரினம்னு சேர்த்திருக்கு. ஆனாலும் 2023-ல ஆந்திராவுல ஒரு கோடி கம்பூசியா விட்டதா பெருமையா செய்தி வருது. ஒரு அரசுத் துறை "ஆபத்து"ன்னு சொல்றதை இன்னொரு துறை லாரியில ஏத்திக் கொண்டு போய்க் கொட்டுது.

"டாக்டர், தவளை, மீன் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், காய்ச்சல்ல பிள்ளைங்க சாகுது"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. மீன் விட்டா ஒரு பிள்ளை பிழைக்கும்னா மீன் வாளியை முதல்ல தூக்குறவன் நான்தான். பிழைக்காதுங்கிறதுதான் என் வாதமே.

டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசு ஏரியில முட்டை போடாது. ஏரியில மட்டும் இல்ல, குளத்துல, கால்வாய்ல எதுலயும் போடாது. அதுக்கு வேணும்கிறது வீட்டுக்குள்ள, வீட்டைச் சுத்தி தேங்கிற கொஞ்சூண்டு தண்ணி. சம்ப், மூடி உடைஞ்ச ஓவர்ஹெட் டேங்க், ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற டிரே, மணி பிளான்ட் வச்ச பாட்டில், கொல்லையில கிடக்கிற பழைய ஆட்டுக்கல், மொட்டை மாடியில போட்டு வச்ச டயர். அங்க பிறக்கிற கொசு பொதுவா நூறு, இருநூறு மீட்டர் சுத்தளவுக்குள்ளயேதான் வாழ்ந்து முடிக்கும். உங்க வீட்ல டெங்கு வந்திருக்குன்னா, அந்தக் கொசு பருத்திப்பட்டு ஏரியிலிருந்து பறந்து வரலை. உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ பிறந்தது.

மலேரியா? சென்னையில அதைப் பரப்புற அனாபிலஸ் ஸ்டீபன்சியும் கிணறு, மேல்நிலைத் தொட்டி மாதிரி நல்ல தண்ணியில வளர்றதுதான். சாயங்காலம் காதுகிட்ட ரீங்காரம் பாடற கியூலெக்ஸ் சாக்கடையில வளர்றது. குப்பையும் ஆகாயத்தாமரையும் அடைச்சுக் கிடக்கிற கால்வாய்ல புழு இருக்கிற மூலைக்கு மீன் நுழையவே முடியாது. அந்தக் கால்வாய்ல தண்ணி ஓட ஆரம்பிச்சா மீனே தேவையில்லை.

அப்போ, கரும்பு வண்டு உச்சியில, தேரை தரையில. ஏடிஸ் கொசு ஃபிரிட்ஜ் டிரேயில, மீன் ஏரியில.

இது என்னோட சொந்தக் கணக்கு மட்டும் இல்லை. காக்ரேன்னு ஒரு அமைப்பு மருத்துவ ஆய்வுகளை மொத்தமா சலிச்சுப் பாத்து சொல்ற அமைப்பு. மீன் விடறதால மலேரியா குறையுதான்னு தேடினாங்க. 2017-ல புதுப்பிச்ச அறிக்கையிலயும், நோய் குறைஞ்சதுன்னு காட்டற நம்பகமான ஆய்வு ஒண்ணு கூட சிக்கலை. சில இடங்கள்ல புழு குறையுது, நோய் குறைஞ்சதுக்கு ஆதாரம் இல்லை. ஆய்வுக்காக அல்லாம இதுல நாடுகள் பணம் போட வேண்டாம்னே எழுதிட்டாங்க.

பலன் இல்லை, சரி, கெடுதல் என்ன?

கம்பூசியா கொசுப்புழுவை மட்டும் தேடித் தின்ற மீன் இல்லை. வாய்க்குள்ள போறது எல்லாம் சாப்பாடுதான். மத்த மீன்களோட முட்டை, குஞ்சு, தவளையோட தலைப்பிரட்டை, தண்ணிப் பூச்சி எல்லாத்தையும் தின்னும். தலைப்பிரட்டை பெருசா இருந்தா வாலைக் கடிச்சு விடும். ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாகாணம் 1999-லயே இதைத் தவளை இனங்களுக்கு முக்கிய அச்சுறுத்தல்னு சட்டப்படி அறிவிச்சாச்சு. பாசியைத் தின்னு தண்ணியைத் தெளிவா வைக்கிற நுண்ணுயிர்களையும் இது காலி பண்ணிடும், குளம் பச்சையா மாறிடும்.

இதுல வேடிக்கை என்னன்னா, இது தின்னு தீர்க்கிறதுல பாதி நம்ம கொசு ஒழிப்புப் பணியாளர்கள்தான். தட்டான் பூச்சியோட இளம்பருவம் தண்ணிக்குள்ள கொசுப்புழுவை வேட்டையாடும். சில தலைப்பிரட்டைகள் ஏடிஸ் கொசு முட்டையைத் தின்றதை இலங்கை பேராதனை பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல காட்டியிருக்காங்க. நம்ம வயல் வாய்க்கால்ல உச்சந்தலையில வெள்ளிப் பொட்டு மின்னிக்கிட்டு மேலாப்புல நீந்துற குட்டி மீனை சின்ன வயசுல பாத்திருப்பீங்க. அதுவும் கொசுப்புழு தின்ற மீன்தான், நம்ம மண்ணோட மீன்.

"மூடின குட்டையில மட்டும் விடலாமே?" நம்ம பக்கத்துல மூடின குட்டைன்னு ஒண்ணு கிடையாது. நம்ம ஏரிகள் சங்கிலி மாதிரி கட்டினது, ஒண்ணு நிறைஞ்சு கலங்கல் வழியா அடுத்ததுக்குப் போகும். 2015-லயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் ரோட்டுக்கும் குளத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சுதா? ஒரு தடவை விட்ட மீனைத் திரும்பப் பிடிக்க இந்த உலகத்துல யாருக்கும் வழி தெரியாது. மருந்துன்னா பக்க விளைவு வந்தா நிறுத்தலாம். இந்த மருந்து தானே குட்டி போடும்.

எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. மீன் விடறது போட்டோவுக்கு ரொம்ப நல்லா இருக்கும். ஏரிக்கரையில வாளியோட நின்னா மறுநாள் பேப்பர்ல வரும். சம்ப் மூடியைத் தூக்கிப் பாக்கிறது போட்டோவுல வராது. அந்த வேலைக்கு வர்ற கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் பெண்களை நாம என்ன பண்றோம்? வெயில்ல தெருத் தெருவா நடந்து வந்து கேட்டைத் தட்டினா, "எங்க வீட்ல எல்லாம் ஒண்ணும் இல்லம்மா, போ"ன்னு வெளியவே நிக்க வச்சு அனுப்பறோம். அவங்க கையில இருக்கிற அபேட் மருந்து தொட்டித் தண்ணிக்கு அளவோட போட்டா பாதுகாப்பானதுதான். ஏரி முழுக்க மீன் விடறதை விட அவங்களை உள்ள விட்டு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்து தொட்டியைக் காட்டறது நூறு மடங்கு பலன் தரும்.

மாநகராட்சிகிட்ட கேக்கணும்னா இதைக் கேளுங்க: அந்தப் பணியாளர்களை மழை மூணு மாசத்துக்கு மட்டும் இல்லாம வருஷம் பூரா வச்சுக்கணும். கட்டி முடிக்காம தண்ணி தேங்கி நிக்கிற கட்டடங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கணும். மழைநீர் வடிகால்ல கழிவுநீர் இணைப்பு கொடுத்தவங்களைப் பிடிக்கணும். இது எல்லாம் மீனை விட செலவு, சிரமம். தெரியும்.

வீட்ல வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமைன்னு வச்சுக்கோங்க. தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை பாத்திரத்தோட சுவர்ல ஒட்டிக்கிட்டு மாசக் கணக்குல காய்ஞ்சு கிடந்தாலும் சாகாது, அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால தேய்ச்சுக் கழுவணும். முட்டை கொசுவா மாற ஏழெட்டு நாள் ஆகும், அதான் வாரம் ஒரு தடவைங்கிற கணக்கு. சம்ப்புக்கும் டேங்குக்கும் இடைவெளி இல்லாத மூடி, காற்றுக் குழாய்க்கு நைலான் வலை.

காய்ச்சல் வந்துட்டா, டெங்குல காய்ச்சல் விடற நேரம்தான் ஆபத்தான நேரம். மூணாவது நாள்லயிருந்து ஏழாவது நாளுக்குள்ள சூடு குறைஞ்சதும் "சரியாயிடுச்சு"ன்னு விட்டுடாதீங்க. வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், குழந்தை சோர்ந்து படுத்தே கிடக்கிறது, சிறுநீர் குறையறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

கடைசியா, ஏற்கெனவே வீட்டுக் கிணத்துலயோ தொட்டியிலயோ கம்பூசியா வச்சிருக்கிறவங்களுக்கு. தொட்டியைக் கழுவும்போது அந்த மீனைக் கொண்டு போய் ஏரியிலயோ வாய்க்கால்லயோ விடாதீங்க, பாவம் பாக்காதீங்க. தொட்டி நிரம்பி வழியற குழாய்க்கு சின்னக் கண் வலை கட்டுங்க. பெரியவங்க யாராவது கப்பி அலங்கார மீன்தானே, அதை விடலாமான்னு கேட்டா, அதுவும் வெளிநாட்டு மீன்தான், அதுக்கும் இதே பதில்தான்.