ஈரான் உடன்படிக்கையில் ஐரோப்பா தவறவிட்டது என்ன?

அமெரிக்காவும் ஐரோப்பாவும் சர்வதேசப் பாதுகாப்பில் ஒன்றிணைந்து செயற்படுவதாகவே எப்போதும் கூறப்படுகிறது. ஆனால், வாஷிங்டன் ஒரு முடிவை எடுத்துவிட்டால், அதற்கு மாறாக ஐரோப்பாவால் நிற்க முடியுமா? ஈரான் விவகாரம் இதற்குத் தெளிவான பதிலைத் தந்திருக்கிறது.

2015 ஜூலையில் வியன்னாவில் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, ரஷ்யா, சீனா ஆகிய ஆறு நாடுகளும் ஈரானுடன் அணுசக்தி உடன்படிக்கைக்கு வந்தன. யுரேனியம் செறிவூட்டலை 3.67 சதவீதத்துக்குள் மட்டுப்படுத்த ஈரான் சம்மதித்தது. பதிலுக்குப் பொருளாதாரத் தடைகளை நீக்க மற்றைய தரப்பு இணங்கியது. ஐ.நா. பாதுகாப்புச் சபையும் 2231ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் இதனை அங்கீகரித்தது. ஈரான் நிபந்தனைகளைப் பின்பற்றுவதாக சர்வதேச அணுசக்தி முகவரகம் அறிக்கையிட்டு வந்த நிலையில்தான், 2018 மே 8ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் உடன்படிக்கையிலிருந்து விலகினார்.

ஐரோப்பா அதனை எதிர்த்தது. டொலரைத் தவிர்த்து ஈரானுடன் வர்த்தகம் செய்ய 2019இல் 'இன்ஸ்டெக்ஸ்' என்ற பொறிமுறையையும் உருவாக்கியது. அது நிறைவேற்றியது ஒரேயொரு மருத்துவப் பொருள் கொடுக்கல் வாங்கலை மாத்திரமே. 2023இல் அது மூடப்பட்டது. அமெரிக்கச் சந்தையை இழக்க ஐரோப்பிய நிறுவனங்கள் தயாராக இருக்கவில்லை. பிரான்ஸின் டோட்டல் நிறுவனம் 2018இலேயே ஈரானின் எரிவாயுத் திட்டத்தைக் கைவிட்டது. எதிர்பார்த்த பலன் கிடைக்காத ஈரானும் வரம்புகளை மீறி, செறிவூட்டலை 60 சதவீதம் வரை கொண்டு சென்றது.

2025 ஜூன் 20ஆம் திகதி ஐரோப்பிய வெளிவிவகார அமைச்சர்கள் ஜெனீவாவில் ஈரானுடன் பேசினர். இரண்டே நாட்களில் அமெரிக்கா ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்பஹான் அணு நிலையங்கள் மீது தாக்குதல் நடத்தியது. அதே வாரம் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035ஆம் ஆண்டளவில் பாதுகாப்புச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதமாக உயர்த்த இணங்கின. ட்ரம்ப் வலியுறுத்தி வந்ததும் அதே 5 சதவீதத்தைத்தான். ஓகஸ்ட் 28ஆம் திகதி பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி ஆகிய மூன்று நாடுகளும் ஐ.நா. தடைகளை மீளக் கொண்டுவரும் நடவடிக்கையைத் தாமே ஆரம்பித்தன. காப்பாற்றப் புறப்பட்டவர்களே உடன்படிக்கைக்கு முடிவு கட்டினர்.

உக்ரைன் போரில் ரஷ்யாவை எதிர்கொள்ள அமெரிக்க ஆயுதங்களையும் உளவுத் தகவல்களையும் நம்பியிருக்கும் ஐரோப்பா, மத்திய கிழக்கில் தனி வழி செல்வது இலகுவல்ல. ஆனால் அந்தத் தங்கியிருத்தலின் விலையைச் செலுத்துவது ஐரோப்பா மட்டுமல்ல. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையால் தீர்க்க இலங்கை 2021 டிசம்பரில் இணங்கியதை நாம் மறந்துவிடவில்லை. தடைகளுக்கு நடுவே பணமாகச் செலுத்துவது அவ்வளவு சிக்கலாக இருந்தது.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வல்லரசுகளால் முடியாதபோது, பேச்சுவார்த்தை மேசைக்கு வரும்படி அடுத்த நாட்டை எந்த முகத்துடன் அழைப்பது?