பத்துக்குப் பத்து அறைக்கு எந்த செட்?

ஹோம் தியேட்டர் வாங்க முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், கடைக்குக் கிளம்பும் முன் அந்த அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். 'டப்' என்று விழுந்து அங்கேயே அடங்கினால் நல்ல அறை. தட்டி முடித்த பிறகும் 'ட்ர்ர்ரிங்' என்று சத்தம் நீண்டுகொண்டே போனால், நாற்பதாயிரம் ரூபாய் செட்டும் அங்கே நாலாயிரம் ரூபாய் செட் மாதிரிதான் பேசும்.

என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் எல்லாரும் எத்தனை வாட்ஸ், எந்தக் கம்பெனி, 5.1 (ஐந்து ஸ்பீக்கரும், பேஸுக்கு ஒரு சப்வூஃபரும்) வாங்கலாமா, சவுண்ட்பார் போதுமா என்றுதான் கேட்கிறார்கள். அறையைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. எனக்கோ முதலில் தெரிய வேண்டியது இரண்டே விஷயங்கள். அறையின் நீள அகலம் என்ன? வீட்டில் யார் யார் படம் பார்ப்பார்கள்? அறுபதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்றால், அந்த செட்டின் முதல் வேலை வசனத்தைப் புரியவைப்பது. ஜன்னல் அதிர்வதெல்லாம் அதற்கு ரொம்பப் பிறகு.

நம் ஊர் படுக்கையறைகளுக்கு ஒரு பொதுவான அமைப்பு உண்டு. செங்கல் சுவர், அதன் மேல் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே வழவழ டைல்ஸ். இவற்றில் எதுவும் ஒலியை உறிஞ்சாது. பெயின்ட் அடித்த சுவரில் மோதும் ஒலியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் அப்படியே திரும்பி வரும். அமெரிக்க வீடுகளில் உள்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. பேஸ் வரும்போது அந்தப் பலகை தானும் கொஞ்சம் அசைந்து, அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் சுவர் அசைந்து கொடுக்காது. 12 அங்குல சப்வூஃபரே போதவில்லை என்று அங்கிருந்து ஒருவர் வீடியோவில் சொல்வதை நம்பி இங்கே பத்துக்குப் பத்து அறையில் அதே பெட்டியை வைத்தால் காதடைப்புதான் மிஞ்சும்.

அறைதான் ஒலியை ஆக்குகிறது, கெடுக்கிறது என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-இல், ஃபாக் அருங்காட்சியகத்தின் புதிய விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சத்தம் எழுந்தால் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. அதற்குள் அவர் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் பேசிவிடுவார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் இரவல் வாங்கிவந்து கூடத்தில் போட்டு, ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு, சத்தம் அடங்க எத்தனை நொடி என்று கணக்கெடுத்தார் சபைன். மெத்தை கூடக்கூட நொடி குறைந்தது. அரங்கம் கட்டுகிற பொறியாளர்கள் இன்றும் அவர் சூத்திரத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அதே சூத்திரத்தில் சாமான் எதுவும் இல்லாத நம் பத்துக்குப் பத்து கான்கிரீட் அறையைப் போட்டுப் பார்த்தால் இரண்டு நொடிக்கு மேல் வருகிறது. வசனம் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அது அரை நொடிக்குள் அடங்க வேண்டும்.

தமிழ் வசனத்துக்கு இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் நீளமானவை, வலுவானவை. க, ச, ட, த, ப போன்ற, நாம் வல்லினம் என்று சொல்கிற எழுத்துகளோ ஒலியளவில் சின்னஞ்சிறியவை. ஒரு கணம் வெடித்து மறைந்துவிடும். எக்கோ அடிக்கும் அறையில் முன்னால் வந்த உயிரொலியின் முழக்கம் அடுத்த வல்லினத்தை மூடிவிடுகிறது. வயதாக ஆகக் காது முதலில் இழப்பதும் அந்த மெல்லிய உச்ச ஒலிகளைத்தான். "என்னடா சொன்னான் அவன்?" என்று அப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதற்கு அவர் காது மட்டும் காரணமில்லை. சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும்.

ஆகையால் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதல் சில ஆயிரம் அறைக்குப் போகட்டும். ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாக விழும் கனத்த திரை, தரையில் தடித்த விரிப்பு. பவானி ஜமக்காளம் ஒன்றை மட்டும் விரித்தால் உச்ச ஒலி கொஞ்சம் அடங்கும். அதற்கடியில் பழைய ரஜாய் ஒன்றைப் போட்டால் பலன் கூடும். இலவம்பஞ்சு மெத்தை போட்ட கட்டில் அறையில் இருந்தால் அதை வெளியேற்றாதீர்கள், அருமையான உறிஞ்சி அது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே பக்கச் சுவரில் ஒலி பட்டுத் தெறிக்கும் இடத்தில் புத்தக அலமாரி வைக்கலாம். இரண்டு அங்குல ராக்வூல் பலகையைத் துணியால் நன்றாகச் சுற்றிச் சட்டமடித்து மாட்டுவது அதைவிட மேல். தெர்மாகோல், முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். பேச்சைத் தெளிவாக்கும் அளவுக்கு அவை எதையும் உறிஞ்சுவதில்லை, தீப்பிடித்தால் ஆபத்து வேறு.

இனி பேஸுக்கு வருவோம். சின்ன அறையில் பெரும்பாலான பணம் வீணாவது இங்கேதான்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,125 அடி போகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே போய்த் திரும்ப 20 அடி. 1,125-ஐ 20-ஆல் வகுத்தால் 56. நொடிக்கு 56 அதிர்வு கொண்ட ஒலி வரும்போதெல்லாம், போகிற அலையும் திரும்புகிற அலையும் சேர்ந்துகொண்டு அந்த ஒன்றை மட்டும் பெருக்கிவிடும். நீளம் பத்து, அகலம் பத்து, கூரை உயரமும் பத்து என்றால் மூன்று பெருக்கமும் ஒரே புள்ளியில் குவியும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தியைச் சும்மா மீட்டினால் வருவது 55 அதிர்வு. இளையராஜா பாடல் ஒன்றில் அத்தனை நுணுக்கமாக ஏறி இறங்கும் பேஸ் கிட்டார், இந்த அறையில் அந்த ஒரு சுரத்தில் மட்டும் 'ஊம்ம்' என்று வீங்கி, மற்றவற்றில் மெலிந்து கேட்பது இதனால்தான். பழி சப்வூஃபர் மேல் விழும். பன்னிரண்டுக்குப் பத்து அறை என்றால் நீளத்துக்கு 47, அகலத்துக்கு 56 என்று பிரிந்துவிடுவதால் கொஞ்சம் தப்பிக்கலாம். வீட்டில் இரண்டு அறைகள் காலியாக இருந்தால் சதுரமாக இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

சதுர அறைதான் இருக்கிறது என்றாலும் கலங்க வேண்டியதில்லை. இந்தப் பெருக்கம் சுவரோரத்தில் உச்சம். அறையின் சரிநடுவில் அதே ஒலி காணாமலே போகும். நாமோ கட்டிலைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு அதில் சாய்ந்துகொண்டு பார்க்கிறோம். பத்தடி அறையில் பின்சுவரிலிருந்து மூன்றரை, நான்கு அடி தள்ளி நாற்காலி போடுங்கள். டிவிக்கும் உங்களுக்கும் ஆறடி இருக்கும். 43 அல்லது 50 அங்குல டிவிக்கு அது பொருத்தமான தூரம். சப்வூஃபரை மூலையில் வைத்தால் அறையின் எல்லா முழக்கத்தையும் அது கிளப்பிவிடும். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உத்தி உண்டு: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைய உள்ள பாடலை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் சுரங்கள் எல்லாம் சமமாகக் கேட்கின்றனவோ அதுதான் பெட்டி வைக்க வேண்டிய இடம்.

கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். "சார், 1,000 வாட்ஸ். தெருவுக்கே கேக்கும்." பிஎம்பிஓ என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம், அதற்கு அளவுமுறை என்று ஒன்றும் கிடையாது. ஆர்எம்எஸ் என்றிருப்பதைப் பாருங்கள். அதிலும் 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்குக் கொஞ்சம் கூடினாற்போலத் தெரியும், அவ்வளவுதான். அதைவிட முக்கியமான எண் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. 88 டெசிபல் என்று போட்ட ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்டில், எட்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதில் 80 டெசிபல் அளவுக்குச் சேர்க்கும். வீட்டுக்குள் அதுவே உரத்த சத்தம். சின்ன அறைக்கு உண்மையான 30, 40 வாட்ஸ் இருந்தாலே மிச்சம்.

அப்படியானால் நாற்பதாயிரத்துக்கு என்ன வாங்குவது? என் தீர்ப்பு இது: அட்டைப்பெட்டியில் வரும் ஐந்து பொடி ஸ்பீக்கர்களை விட, நல்ல இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களே மேல். பொடி ஸ்பீக்கருக்கு ஆண் குரலின் அடிப்பகுதியைக்கூடத் தாங்கச் சக்தி இருக்காது. அந்த வேலையையும் சப்வூஃபர் எடுத்துக்கொள்ளும், குரல் திரையிலிருந்து வராமல் தரையிலிருந்து வருவதுபோல் இருக்கும். ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் உள்ள ஒரு ஜோடி, காது மட்டத்தில், டிவிக்கு இருபுறமும், உங்களோடு சேர்ந்து முக்கோணமாக அமைந்தால், நடுவில் உட்காருபவருக்கு வசனம் திரையின் நடுவிலிருந்தே வரும். சென்டர் ஸ்பீக்கர் இல்லையே என்ற குறை ஒருவர், இருவர் பார்க்கும் அறையில் தெரியாது. நான்கைந்து பேர் வரிசையாக உட்காரும் வீடு என்றால் சென்டர் கட்டாயம் வேண்டும். படத்தின் வசனம் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் தனியாக இரண்டு, மூன்று டெசிபல் கூட்டிக்கொள்ளலாம். சண்டைக்குக் குறைத்து வசனத்துக்குக் கூட்டி என்று ரிமோட்டும் கையுமாக இருப்பவர்களுக்கு அதுதான் விடுதலை. இரவில், ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவரில், உரத்த சத்தத்தை அடக்கும் நைட் மோடையும் போட்டுக்கொள்ளுங்கள்.

டெனான், யமஹா, ஆன்கியோ போன்றவற்றின் புதிய ஏவி ரிசீவர், ஆரம்ப நிலை மாடலே ஆனாலும், இந்த பட்ஜெட்டில் பெரும்பங்கை விழுங்கிவிடும். பழைய ரிசீவர் ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம். 4கே படத்தைக் கடத்தாது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல ரிசீவர்கள் மலிவாகக் கைமாறுகின்றன. படம் நேராக டிவிக்குப் போகட்டும். டிவியிலிருந்து ஆப்டிகல் வயர் வழியாக ஒலி மட்டும் ரிசீவருக்கு வந்தால் போதும், டால்பி டிஜிட்டல் 5.1 அதில் வரும். வாங்கும் முன் எல்லா சேனலிலும் ஸ்பீக்கர் மாட்டிக் கேட்டுவிடுங்கள், அரை மணி ஓடவிட்டு எவ்வளவு சூடாகிறது என்றும் பாருங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்களிலும் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) அசெம்பிள் செய்து தருபவர்களை நான் மதிக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரையும் ஹீட்சிங்க்கையும் கஞ்சத்தனம் இல்லாமல் போடுகிற கைதேர்ந்த ஒருவர் கட்டும் ஸ்டீரியோ ஆம்ப், அதே விலைக் கம்பெனி செட்டை எளிதாக மிஞ்சும். ஆனால் 5.1 என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, உள்ள டால்பி டீகோடர் இருக்கா, இல்ல ப்ரோலாஜிக் போர்டா?" ப்ரோலாஜிக் போர்டு ஸ்டீரியோவிலிருந்து சென்டரையும் பின்னால் ஒலிக்கும் சரவுண்டையும் ஊகித்துப் பிரிப்பது. பாட்டுக்குச் சரி, படத்தில் பின்னால் வர வேண்டிய மழை முன்னாலும் பெய்யும்.

சவுண்ட்பார் வாடகை வீட்டுக்காரர்களுக்கு நியாயமான தேர்வு. 3.1 என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், வசனத்துக்குத் தனி ஸ்பீக்கர் இருக்கும். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் டால்பி அட்மாஸ் முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 2012-இல் 'சிவாஜி' படம் முப்பரிமாணத்தில் மறுபடி வந்தபோது அரங்கில் நாம் கேட்ட அட்மாஸுக்குக் கூரையில் வரிசையாக ஸ்பீக்கர்கள் இருந்தன. குறைந்த விலை பாருக்குள் அவை இல்லை.

ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். இந்தத் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். ஆம்பை எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் மட்டும் மாட்டுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப் 'ஙொய்' என்று இரையும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும்.

அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும். வசனம் சுவரோடு நின்றுவிடும், பேஸ் கான்கிரீட் வழியே மாடி ஏறும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. சப்வூஃபருக்கடியில் தடித்த ரப்பரோ ஃபோமோ வையுங்கள். பத்து மணிக்கு மேல் அதை அணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இப்போது திரையும் விரிப்பும், ஒரு ஜோடி ஸ்பீக்கரும், ஓர் ஆம்பும். அடுத்த போனஸில் சென்டர். பிறகு சரவுண்ட். எட்டு அங்குல சப்வூஃபர் கடைசியில். கடைக்குப் போகும்போது வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு பாட்டையும், ஆள் பேசும் ஒரு காட்சியையும் பென்டிரைவில் எடுத்துப் போங்கள், கூடவே அம்மாவையும் அப்பாவையும் அழைத்துப் போங்கள். வசனம் அவர்களுக்குப் புரிகிற செட்டை வாங்குங்கள்.